பிரியாணி விசில்

பவானிக்கு ஃபோன் வந்தபோது அவள் ஒரு கன்டெய்னரின் பின்கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையை ஒட்டிய சரக்குக் கிடங்கு அது. துறைமுகத்திலிருந்து வரும் டிரெய்லர்கள் வாசலில் ஆரம்பித்துக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரிசை கட்டி நிற்கும். கதவில் போட்ட சீல் உடையாமல் இருக்கிறதா, அதன் நம்பர் சரிதானா என்று பார்த்து ஒவ்வொன்றாக உள்ளே விடுவது அவள் வேலை. சித்திரை வெயில் இரும்பில் பட்டுத் திரும்பி முகத்தில் அடித்தது. கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, காற்றும் வரத்தான் செய்கிறது. ஆனால் வரும்போது கரித்தூளையும் கூட்டிக்கொண்டு வரும். மத்தியானத்துக்குள் கர்சீப் கறுத்துவிடும்.

"அக்கா, எங்க கீற?" தங்கை மாயாவின் குரல்.

"பீச்சுல காத்து வாங்கிகினு கீறேன். வேல நேரத்துல எங்க இருப்பேன்?"

"ஜல்தி கெளம்பு. மாப்ள வூட்டுக்காரங்க நாலு மணிக்கே வராங்களாம்."

"ஆறுன்னுதான சொன்னாங்க?"

"அவருக்கு சாய்ங்காலம் டூட்டி கீதாம். அம்மா கேசரி கிண்டிக்கினே என்ன திட்டுது. நைனா ஷேவிங் பண்ணி பவுடர் போட்டுக்கினு குந்தினு கீது. கல்யாணமே அதுக்குத்தான்ற மாதிரி."

பவானிக்குச் சிரிப்பு வந்தது. அத்தை சொக்கம்மாள் கொண்டுவந்த வரன். ஹார்பர் ஃபயர் சர்வீஸில் நிரந்தர வேலை, புளியாந்தோப்பில் வீடு, பௌத்தக் குடும்பம், அம்மாவும் பிள்ளையும் மட்டும். வீட்டில் பீமா என்று கூப்பிடுவார்கள் என்றாள் அத்தை. அம்மா தாயம்மா ஃபோனில் படத்தை நீட்டியபோது பவானி பார்க்க மறுத்துவிட்டாள். "படத்துல எல்லாருந்தான் நல்லவனா தெரிவான். நேர்ல வரட்டும்" என்று சொல்லிவிட்டாள். ஆளை ஒரு பார்வையில் எடை போட்டுவிடுவேன் என்பது அவளுக்கு இருந்த கர்வம். கோல்கீப்பராக நின்று பழகியவள். எதிரே ஓடி வருகிறவள் எந்தக் காலால் அடிக்கப்போகிறாள் என்பதை அவள் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டாள்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. படியேறும்போதே நெய் வாசனை வந்தது. தாயம்மா தினமும் சாயங்காலம் மார்க்கெட் முனையில் தள்ளுவண்டியில் அத்தோ நூடுல்ஸ் போடுகிறவள். அன்றைக்கு வண்டிக்கு லீவு விட்டிருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்திருந்தன. பவானி முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு சமையல் மேடையருகே நிற்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

முன்னால் சொக்கம்மாள் அத்தை. அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அம்மா முத்தம்மா, ஒல்லியான உடம்பு, இறுகிய உதடு. கடைசியாக, நிலைப்படியில் இடிக்காமல் குனிந்து ஒரு நெட்டை ஆள். பவானிக்கு அவன் முதுகுதான் தெரிந்தது.

"குந்து தம்பி, குந்து" என்றார் அப்பா லோகநாதன். ஊரெல்லாம் டிரெய்லர் ஓட்டிவிட்டு இடுப்பு வலியால் இப்போது உள்ளூர் லோடு மட்டும் எடுப்பவர். "ஒன்ன எங்கியோ பாத்த மாதிரி கீதே."

"பார்த்திருப்பீங்க ஐயா. மைதானத்தில்."

"ஃபுட்பால் ஆடுவியா?"

"இல்லை. நடுவர்."

டீத் தட்டைத் தூக்கிக்கொண்டிருந்த பவானிக்கு அந்தக் குரல் போதுமானதாக இருந்தது. வடசென்னையில் இத்தனை சுத்தமாக, வார்த்தைக்கு இஸ்திரி போட்ட மாதிரி பேசுகிறவன் ஒருத்தன்தான். அவள் வெளியே வந்து டீயை அவனுக்கு நீட்டவில்லை. நடுவில் இருந்த ஸ்டூலில் தட்டை வைத்தாள்.

"ஒனக்கு அடையாளம் தெர்லயா நைனா? பிரியாணி விசிலு."

லோகநாதனின் முகத்தில் பவுடர் தனியாகத் தெரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே சித்திரையில், திருவொற்றியூர் மைதானத்தில் பெண்கள் கால்பந்து இறுதி ஆட்டம். வியாசர்பாடிக்கும் வண்ணாரப்பேட்டைக்கும். ரயில்வே டீமுக்கு ஆள் எடுப்பவர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் கண் பவானி மேல்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் வண்ணாரப்பேட்டை நவ்ரீன் பந்தோடு தனியாக உள்ளே வந்தாள். பவானி அவள் காலடியில் பாய்ந்தாள். பந்து கைக்கு வந்தது, நவ்ரீன் விழுந்தாள். நடுவராக நின்ற பீம்ராவ் விசில் ஊதிப் பெனால்டி கொடுத்தான். அதோடு விடவில்லை. பாக்கெட்டிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்துப் பவானிக்கு நேரே தூக்கிக் காட்டினான். வெளியே போ என்று அர்த்தம்.

அன்று மத்தியானம் கால்பந்துச் சங்கத்துக்காரர்களுக்கும் நடுவர்களுக்கும் வண்ணாரப்பேட்டைக்காரர்கள் பிரியாணி வரவழைத்திருந்தார்கள். "பிரியாணி துண்ட்டு விசில் ஊதறான் இவன்" என்று பவானி மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். லோகநாதன் கயிற்றைத் தாண்டி ஓடிப்போய் நடுவரைப் பிடித்துத் தள்ளினார். ஆட்டம் தோற்றது. பேசிய பேச்சுக்காகச் சங்கம் பவானிக்கு ஒரு வருஷம் தடை போட்டது. ரயில்வேக்காரர்கள் வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். பவானி கன்டெய்னர் கதவுகளுக்கு முன்னால் வந்து நின்றது அப்படித்தான்.

அந்தப் பீம்ராவ்தான் இப்போது அவள் வீட்டு நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தான்.

"என் பெயர் பீம்ராவ்" என்றான். "உங்க படத்தைப் பார்த்ததும் நீங்கதான்னு தெரிஞ்சுது. ஒன்று சொல்லணும்னுதான் வந்தேன்."

"இன்னா சொல்லப்போற? என் வேலைய துண்ணது பத்தாம வூட்ல வந்து கேசரி வேற துண்ணலாம்னா?"

"பவானி" என்றாள் தாயம்மா.

"நீ கம்முனு இரும்மா. பாரு, எப்டி பேசறான்னு. புளியாந்தோப்புல பொறந்துட்டு, நம்ம பேச்சு வாய்ல வந்தா கலீஜுன்னு நெனப்பு. நம்மளயே கலீஜா பாக்கறவன் நமக்கு எங்க நாயமா விசில் ஊதப்போறான்?"

பீம்ராவின் காது மடல் சிவந்தது. எதையோ சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டான். பிறகு அவன் சொன்னது, சொல்ல வந்தது இல்லை என்பது பவானிக்கே தெரிந்தது.

"அது ஃபவுல்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்."

எழுந்துவிட்டான். முத்தம்மா மட்டும் எழவில்லை. பவானியை மேலும் கீழும் பார்த்தாள்.

"எம்மவன் தெருவுல நடந்தா 'லெக் பீஸு'ன்னு கத்துறாங்கோ. தண்ணி புடிக்கப் போனா, ஒம்மவன் இன்னிக்கு எத்தினி பிளேட்டுன்னு என்ன கேக்கறாங்கோ. ரெண்டு வருசமா. யாரு வாய்லேர்ந்து வந்தது அந்தப் பேருன்னு தெரியாம இருந்தேன். நீதானா அது?"

முத்தம்மாவும் எழுந்து மகனுக்குப் பின்னால் போனாள். அவர்கள் படியிறங்கிப் போகும் சத்தம் கீழ்மாடி வரைக்கும் கேட்டது. சொக்கம்மாள் அத்தை யாருக்கும் சொல்லாமல் கேசரிக் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.

"நான் உள்ள வுட்டேனே அவன. குந்துன்னு வேற சொன்னேனே" என்று லோகநாதன் நடையில் உலாத்தினார். "நாளைக்கு ஃபைனல்ஸ்ல வரட்டும். இன்னும் ஒரு தள்ளு பாக்கி கீது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அதே போட்டியின் இறுதி ஆட்டம். மறுபடியும் வியாசர்பாடியும் வண்ணாரப்பேட்டையும். இந்த முறை வியாசர்பாடிக்கு மாயா கேப்டன். பவானி ஓரத்தில் நின்று பயிற்சி சொல்பவள்.

தாயம்மா யாரையும் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "வூட்ல குந்தினு இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். பவானியும் பின்னாலேயே போனாள்.

பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போன தின்பண்டம் அத்தோ. அவித்த மஞ்சள் நூடுல்ஸோடு முட்டைக்கோஸும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணியும் மிளகாய்த்தூளும் போட்டு, பூண்டு எண்ணெய் ஊற்றி, கையாலேயே பிசைந்து கொடுக்க வேண்டும். கூடவே வாழைத்தண்டு சூப். தாயம்மா அன்றைக்குப் பிசைந்த பிசையில் நூடுல்ஸ் கூழாகிவிடும் போலிருந்தது. வெயில் தணிந்து கடைகளுக்கு விளக்குப் போடும் நேரம். வண்டியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்திருந்தது.

"ஆன்ட்டி, ஒரு அத்தோ. முட்ட ஒண்ணு."

பவானி நிமிர்ந்தாள். நவ்ரீன். ஒரு காலத்தில் மாவட்ட டீமில் இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கி, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அந்த ஆட்டத்துக்குப் பிறகு பவானி அவளோடு பேசவில்லை. நவ்ரீன் இப்போது வண்ணாரப்பேட்டைப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள்.

"எங்க வந்த?" என்றாள் பவானி.

"பசிக்கு வந்தேன். ஒங்கம்மா கை அத்தோவுக்கு. ஒன்ன பாக்க வர்ல." நவ்ரீன் தட்டை வாங்கிக்கொண்டாள். "நாளைக்கு யாரு ரெஃப்ரின்னு தெர்யுமா? பீம்ராவ் சார்தான். நம்ம ரெண்டு டீமுக்கு நடுவுல வந்து நிக்க வேற ஒருத்தரும் ரெடியா இல்லியாம்."

"சாரா? ஒனக்கு சாருதான். பிரியாணி நீங்க போட்டதாச்சே."

நவ்ரீன் மெல்லுவதை நிறுத்தினாள். "ஒனக்கு இது தெர்யணும் மே. அந்தாளு அன்னிக்கி அந்தப் பொட்டலத்த தொடவே இல்ல. மேட்ச் ஊதற அன்னிக்கி ஒரு வாழப்பழம்தான். மத்தபடி தண்ணி. அவர் பங்கு பொட்டலத்த எங்க அண்ணன் ரஷீதுதான் துண்ணுச்சு. போய் கேளு."

"அப்ப எதுக்கு எனக்குப் பெனால்டி குடுத்தான்? நான் பால தொட்டேன். கைல வந்துது."

"கைல வந்துது. அதுக்கு மின்னாடி ஒன் முட்டி எங்க வந்துது?"

நவ்ரீன் காலைத் தூக்கி வண்டியின் கீழ்ச்சட்டத்தில் வைத்து, பேன்ட்டைச் சுருட்டினாள். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல், பழைய வெட்டுத் தழும்பு. "தையல் போட்டது. ஒன் கண்ணு பால்மேல இருந்துது, முட்டிய நீ பாக்கல. அவர் பாத்தாரு. ஆனா ரெட் கார்டு ஜாஸ்திதான். மஞ்சக் கார்டோட வுட்டிருக்கலாம். அத்த நானே சொல்வேன்."

பவானி அந்தத் தழும்பையே பார்த்தாள். இரண்டு வருஷமாக எத்தனை பேரிடம், எத்தனை தடவை, சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கிறாள்: நான் அவளைத் தொடவே இல்லை.

"இன்னொண்ணு கீது" என்றாள் நவ்ரீன். குரலைத் தணித்துக்கொண்டாள். "ஒங்கப்பா தள்ளி வுட்டாரே. அதுல அவர் மணிக்கட்டு முறிஞ்சி போச்சு. எங்க அண்ணன்தான் பைக்ல வெச்சு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு இட்னு போச்சு. போற வழியெல்லாம் ஒரே பேச்சு, யாராண்டயும் சொல்லாதீங்கன்னு. சங்கத்துக்குத் தெரிஞ்சா வியாசர்பாடி டீமையே தூக்கிருவாங்க, அந்தப் பொண்ணுங்க எங்க போயி ஆடும்னாரு. நீ கத்துனது ஊருக்கே கேட்டுது, அத்த மறைக்க முடியல. இத்த மறச்சிட்டாரு. ஆபீஸ்ல ஏணிலேர்ந்து வுழுந்தேன்னு சொன்னாராம்."

"இத்தினி நாளா எங்கிட்ட ஏன் சொல்லல நீ?"

"எங்க சொல்றது? ஃபோன எடுத்தியா? வூட்டுக்கு வந்தா, இல்லன்னு சொல்ல வெச்ச. உள்ள நீ இருமற சத்தம் எனக்குக் கேட்டுது."

தாயம்மா பிசைந்துகொண்டிருந்த கையை எடுத்துவிட்டாள். "கையி ஒடிஞ்சி போச்சா அந்தப் புள்ளைக்கு?" என்றாள். பவானியின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். நவ்ரீனுக்கு இன்னொரு தட்டு பிசைந்து வைத்தாள்.

வீட்டில் லோகநாதனிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. பிறகு தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஃபயர் சர்வீஸ்காரனுக்குக் கையிதான் சோறு" என்றார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். காலையில் தாயம்மா, "நீ மட்டும் கிரவுண்டு பக்கம் வந்துறாத" என்று சொன்னதற்கும் தலையாட்டினார்.

மைதானத்தில் அன்றைக்கு நிற்க இடம் இல்லை. பாபாசாகேப் பிறந்தநாளையொட்டிய போட்டி. நீலக் கொடிகள் காற்றில் படபடவென்று அடித்தன. வண்ணாரப்பேட்டையிலிருந்து வேன் வேனாக வந்து இறங்கினார்கள். வியாசர்பாடிப் பையன்கள் டிரம் கொண்டு வந்திருந்தார்கள். காம்பவுண்டுச் சுவர்மேல் வரிசையாக ஆட்கள், சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற லாரியின் தலையிலும் ஆட்கள். பீம்ராவ் கறுப்புச் சட்டையோடு உள்ளே வந்ததுமே ஆரம்பித்துவிட்டது. "லெக் பீஸு வந்துட்டாருடா." சிரிப்பு அலையாகப் பரவியது. அவன் திரும்பவே இல்லை. நேராக நடந்து மைதானத்தின் நடுவில் போய் நின்றான். அந்த நடையை இத்தனை நாள் திமிர் என்று நினைத்திருந்தாள் பவானி. இப்போது பார்த்தால், எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் சத்தம் முகத்தில் அடிக்கும் என்று திரும்பாமல் போகிறவனின் நடையாகத் தெரிந்தது.

விசில் ஊதியதிலிருந்து ஓட்டம்தான். மாயா இடது ஓரத்தில் பறந்தாள். வண்ணாரப்பேட்டைப் பெண்கள் சளைக்கவில்லை. ஒரு கோல் அவர்கள் போட்டார்கள், டிரம் நின்றது. பாதி ஆட்டம் முடிவதற்குள் மாயா பதில் கோல் போட்டாள், டிரம் கிழிகிற மாதிரி அடித்தார்கள். பவானியின் தொண்டை கட்டிப்போயிற்று. அந்த வெயிலில் பந்து எங்கே போனாலும் பத்தடி தூரத்தில் பீம்ராவ் இருந்தான். ஒரு பெண்ணுக்கு ஆடுசதை பிடித்துக்கொண்டபோது மண்டியிட்டு அவள் காலை நீட்டிப் பிடித்தான். இடது கை மணிக்கட்டை அவன் முழுசாக மடக்குவதில்லை என்பதைப் பவானி அப்போதுதான் கவனித்தாள்.

இடைவேளைக்குப் பிறகு பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் போன ஒரு சமயம், எதிர்ப்பக்கக் கயிற்றைத் தாண்டி ஒருத்தர் உள்ளே ஓடினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து ஓடுகிற ஓட்டம். லோகநாதன்.

"நைனா" என்று கத்தியபடி பவானியும் ஓடினாள். மைதானமே எழுந்து நின்றது. அடிக்கப்போறாரு, புடிங்கடா என்றார்கள். பீம்ராவ் ஓரடி பின்வாங்கினான். அவனை அறியாமலே இடது கை முதுகுக்குப் பின்னால் போயிற்று. லோகநாதன் மூச்சு வாங்க அவன் முன்னால் போய் நின்றார்.

"கையி எப்டி கீது தம்பி?"

பீம்ராவுக்குப் புரியவில்லை.

"நேத்துதான் தெரிஞ்சிது. மேட்ச் முடிஞ்சி கேக்கலாம்னுதான் குந்தினு இருந்தேன். முடியல. ராத்திரிலேர்ந்து சோறு எறங்கல. குடு, பாக்கறேன்."

அவர் அந்த மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, தடவிப் பார்த்தார். அங்கேயே அழுதுவிட்டார். பீம்ராவ் பாக்கெட்டில் கை விட்டான். வழக்கத்தில் வந்த கை, அட்டையைத் தொட்டுவிட்டு வெறுமனே வெளியே வந்தது. "ஐயா, ஆட்டம் நடக்குது" என்றான். குரல் சரியாக எழும்பவில்லை. "வெளிய போய் நில்லுங்க. தயவு செஞ்சு." லோகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போறேன் போறேன், நீ ஊது" என்றார். சிரிப்பு கிளம்பிச் சுவர் வரைக்கும் போயிற்று. இந்த முறை அதில் விஷம் இல்லை. அப்பாவின் தோளைப் பிடித்து அழைத்துப் போகும்போது பவானி ஒரு கணம் பீம்ராவைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். பிறகு விசிலை வாயில் வைத்துக்கொண்டான்.

ஆட்டம் முடியப்போகும் நேரம், கோல் ஒன்றுக்கொன்று சமம். மாயா பந்தோடு பெனால்டி எல்லைக்குள் புகுந்தாள். வண்ணாரப்பேட்டைப் பெண் குறுக்கே கால் நீட்டினாள். மாயா விழுந்தாள். "பெனால்டி" என்று வியாசர்பாடி முழுக்க ஒரே குரலாக எழுந்தது. பீம்ராவ் விசிலை ஊதவில்லை. எழுந்திரு என்று கையைக் காட்டினான். கற்களும் பாட்டில்களும் பறந்து வரப்போகிற அந்தக் கணத்தில், பவானிக்கு நன்றாகத் தெரிந்தது: கால் படவே இல்லை. மாயாவாகத்தான் விழுந்தாள்.

"எந்திரிடீ" என்று அவள் கோட்டோரம் ஓடிக்கொண்டே கத்தினாள். "ஒண்ணும் படல. எந்திரிச்சி ஓடுடீ."

மாயா அதிர்ந்துபோய் அக்காவைப் பார்த்தாள். கூட்டமும் பார்த்தது. கோச்சே சொல்லிவிட்ட பிறகு கத்துவதற்கு யாருக்கும் காரணம் இல்லை. கோபத்தில் எழுந்த மாயா, தட்டிவிடப்பட்டு ஓரமாக உருண்டுகொண்டிருந்த பந்தைத் துரத்திப் பிடித்தாள். அந்தக் கோபம் முழுவதையும் காலில் இறக்கி அடித்தாள். பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போயிற்று. அதற்கப்புறம் என்ன நடந்தது என்று பவானிக்குச் சரியாக நினைவில்லை. யார் யாரோ தூக்கினார்கள். தாயம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரம்முக்கு முன்னால் ஆடினாள்.

பரிசு கொடுக்கும்போது, நடுவரும் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று சங்கத் தலைவர் மைக்கை நீட்டினார். எப்போதும் வேண்டாம் என்பவன், அன்றைக்கு வாங்கிக்கொண்டான்.

"இரண்டு வருஷத்துக்கு முன்னால இதே மைதானத்தில் வியாசர்பாடி கோல்கீப்பர் பவானிக்குச் சிவப்பு அட்டை காட்டினேன். அது தவறு. பந்தைப் பிடிக்கத்தான் அவங்க பாய்ஞ்சாங்க. பெனால்டி சரி. ஆனால் மஞ்சள் அட்டைதான் கொடுத்திருக்கணும். காட்டின மறுநிமிஷமே எனக்குத் தெரிஞ்சுது. சங்கத்தில் போய்ச் சொல்லியிருந்தா அவங்க பேர் மேல வந்த கறை போயிருக்கும். நடுவர் வேலை போயிடும்னு சொல்லலை. கௌரவம்னு நெனச்சுக்கிட்டேன். அது பயம்."

தலைவர் மைக்கைப் பிடுங்கப் பார்த்தார். கூட்டம் சலசலத்தது. "அப்ப பிரியாணி துண்ணது உண்மதான?" என்று சுவர்மேலிருந்து ஒரு குரல். "ரெண்டு வருசம் கம்முனு இருந்துட்டு இப்ப பேசறியா" என்று இன்னொன்று. மேடையை நோக்கி ஆட்கள் நகர்ந்தார்கள்.

பவானி மேடையேறியது யாரும் கூப்பிட்டு இல்லை. மைக் அவள் கைக்கு வந்தபோது சத்தம் அடங்கியது.

"துண்ணல" என்றாள். "அந்தாளு அன்னிக்கி பிரியாணிய தொடவே இல்ல. கேக்காம கொள்ளாம நானா கட்டுன பேரு அது. நான் நவ்ரீனோட கால்ல இடிச்சேன், தழும்பு கீது, நேத்துதான் பாத்தேன். ஃபவுல் என்னுது. கார்டு அவருது. ரெண்டு பேரும் தப்பு. இனிமே எவனாவது இவர லெக் பீஸுன்னு கூப்ட்டா, என்னாண்ட வந்து கூப்புடு."

கீழே நின்ற நவ்ரீன்தான் முதலில் கை தட்டினாள்.

கூட்டம் கலைந்த பிறகு தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் அவன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். பவானி போய் நின்றாள்.

"செவப்பு அட்ட எதுக்கு காமிச்ச? உண்மய சொல்லு."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "எங்க சித்தி வூடு ஒங்க பிளாக்குலதான் கீது" என்றான். அவன் வாயில் அந்தப் பேச்சு அத்தனை இயல்பாக வந்தது. "அன்னிக்கி ஃபர்ஸ்ட்லேர்ந்தே ஒங்க ஆளுங்க, நம்ம பையன், நமக்குத்தான் ஊதுவான்னு சொல்லிகினே இருந்தாங்க. ஒங்க பக்கம் சாயறேன்னு எவனும் சொல்லிறக் கூடாதுன்னு எதிர்ப்பக்கம் சாஞ்சிட்டேன். நாயமா நிக்கறேன்ற திமிருதான். கிரவுண்டுல நம்ம பாஷ பேசாததும் அதுக்குத்தான். வாய தொறந்தா ஏரியா தெரிஞ்சிரும். அப்டியே பழகிப்போச்சு."

"அந்தத் திமிருல என் வேல போச்சு."

"தெர்யும்."

"என் வாயில ஒம்பேரு போச்சு."

"அதுவுந் தெர்யும்."

அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நகராமல் நின்றான். பவானிக்கு உடம்பெல்லாம் படபடவென்று இருந்தது. ஆட்டத்தின் படபடப்பு என்று முதலில் நினைத்தாள். ஆட்டம் முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம வூட்ல இருப்பியா?" என்றாள்.

"இருப்பேன். எதுக்கு?"

"பொண்ணு பாக்க நீங்க வந்தீங்க. மாப்ள பாக்க நாங்க வரோம்."

அடுத்த ஞாயிறு ஒரு ஷேர் ஆட்டோவில் குடும்பமே புளியாந்தோப்புக்குப் போய் இறங்கியது. தாயம்மாவின் மடியில் பெரிய டிபன் கேரியர். லோகநாதன் தைலப் புட்டி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார், மணிக்கட்டுக்கு நல்லதாம். மாயா மட்டும், "எனக்குப் பெனால்டி குடுக்காத ஆளு" என்று வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தாள். சுவரில் புத்தர் படமும் பாபாசாகேப் படமும் இருந்த சின்னக் கூடத்தில் எல்லாரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். டீயைப் பீம்ராவே கொண்டுவந்து கொடுத்தான், தட்டில் பாதி சிந்தியிருந்தது.

முத்தம்மா யாரோடும் சேர்ந்து சிரிக்கவில்லை. பவானி எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"தப்பு பண்ணிட்டேன்மா. மன்னிச்சிரு."

முத்தம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "மன்னிப்புலாம் இன்னா பண்றது, அடுப்புல போட்டு எரிக்கறதா?" என்றாள். ஆணியில் மாட்டியிருந்த கூடையை எடுத்துப் பவானியின் கையில் திணித்தாள். "சக்கர இல்ல. கட வரைக்கும் என்கூட நடந்து வா."

கடை தெருவின் அந்தக் கோடியில். முத்தம்மா அவசரப்படாமல் நடந்தாள். தண்ணீர் லாரிக்காகக் குடம் வைத்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்தார்கள். பவானி கூடையைப் பிடித்துக்கொண்டு அவளோடு ஒட்டியே நடந்தாள். அத்தனை கண்களுக்கும் நடுவில் இந்தப் பொம்பளை இரண்டு வருஷமாகத் தனியாக நடந்திருக்கிறாள் என்பது ஒவ்வோர் அடியிலும் உறைத்தது.

குடத்தின்மேல் உட்கார்ந்திருந்த ஒருத்தி கேட்டாள், "யாரு முத்தம்மா இது, புதுசா கீது?"

முத்தம்மா நின்றாள். முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"எம்மருமவ" என்றாள்.

பவானி இன்னும் சம்மதம் என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவளிடம் ஒருவரும் கேட்கவும் இல்லை. கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, முத்தம்மாவின் முழங்கையைப் பிடித்து, "வெயிலு ஏறுது, வா அத்த" என்றாள்.